வீட்டில் ஒருத்தி இருப்பாள்

ஒரே ஒரு பக்கம். ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லையால் ஒட்டி வைத்திருந்தேன். மேலே "அக்காவுக்கு" என்று எழுதி அடிக்கோடு. கீழே பதினோரு வரிகள். அவற்றில் "எனக்கு போன் செய்யவும்" என்பது மட்டும் நான்கு முறை வருகிறது.

நான் கல்லூரியில் தமிழ் சொல்லித்தருகிறவள். யார் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று ஒரு பிரதியிடம் கேட்கச் சொல்லி மாணவிகளைப் பத்தொன்பது வருடமாக நச்சரித்துவருகிறேன். அதே கேள்விகளை நானே எழுதிய அந்தப் பக்கத்திடம் கேட்கவேண்டிய நிலை பிறகு வந்தது. கூடவே வேறு சில பிரதிகளையும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அரசின் கணக்கெடுப்பு, ஒன்று லண்டன் ஆய்வாளர்களின் கேள்வித்தாள், ஒன்று நம் அகப்பாடல். மூன்றும் வேறு வேறு காலத்தவை. மூன்றிலும் வீட்டுக்குள் ஒருத்தி இருந்துகொண்டே இருக்கிறாள்.

முதலில் பூனை. பெயர் நெத்திலி. காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கிடந்த குட்டிக்கு வைத்த பெயர். ஒன்பது வயதில் ஏழு கிலோ ஆனபோதும் பெயர் மாறவில்லை. கருத்தடை செய்த ஆண் பூனை, வீட்டைவிட்டு இறங்காதது, மீன் குழம்புச் சோறே கதியென்று வளர்ந்தது. பூனைகளுக்குச் சர்க்கரை நோய் வர என்னென்ன வேண்டுமோ ஏறக்குறைய எல்லாம் அதனிடம் இருந்தன என்று பிறகுதான் தெரிந்தது. 2023 தொடக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் காலியாகிக்கொண்டே இருந்தது. மண் தட்டு நனைந்து கட்டிகட்டியாகக் கிடந்தது. நன்றாகத் தின்றும் இளைத்தது. ஒருநாள் பின்னங்கால்களை விரல்களில் ஊன்றாமல், குதிகால் தரையில் பட, முயல் மாதிரி நடந்தது. சர்க்கரை ஏறி நரம்பைத் தொட்டுவிட்டால் பூனைகள் அப்படி நடக்குமாம். கூடைக்குள் வைத்து வேப்பேரிக்குக் கொண்டுபோனேன். 1903இல் தொடங்கிய அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியை எங்கள் பக்கத்தில் இன்னும் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். திருவொற்றியூரிலிருந்து ஆட்டோவில் போனால் கன்டெய்னர் லாரிகள் விடும் வழியைப் பொறுத்தது நேரம்.

பூனைச் சர்க்கரை பெரும்பாலும் நம்முடைய இரண்டாம் வகையைப் போன்றது. ஆனால் நம்மைப்போல மாத்திரையில் ஓட்டிவிட முடிவது குறைவு. பொதுவாக இன்சுலின்தான், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பிடரித் தோலைத் தூக்கிப் போடும் சின்ன ஊசி. சோற்றை நிறுத்தி மீனும் கோழியுமாகக் கொடுத்து, ஆரம்பத்திலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டு. அந்த "சில"வை நம்பித்தான் நானும் இறங்கினேன். ஒருவேளை ஊசி விட்டுப்போனால் பெரிய மோசமில்லை. இரண்டு முறை போட்டுவிட்டால், அல்லது அளவு கூடிவிட்டால், சர்க்கரை சரேலென்று இறங்கி வலிப்பு வந்து உயிரே போகலாம். ஊசி போடத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வாழ்க்கை இரண்டு ஏழு மணிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது.

இதை அரசு எப்படிக் கணக்கெடுக்கிறது என்று பார்த்தேன். 2019இல் இந்தியா முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்றது அது. 2024 கணக்கெடுப்பில் இவை 289, 88 என்று வந்தன. பெண்ணியக் கூட்டங்களில் நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லும் எண்கள் இவை, நானும் சொல்லியிருக்கிறேன். எண் வந்த வழியை நான் படித்தது நெத்திலிக்குச் சர்க்கரை வந்த பிறகுதான்.

நாளை அரைமணித் துண்டுகளாக வெட்டிக் கேட்கிறார்கள். ஒரு துண்டுக்குள் பல வேலை செய்திருந்தால், பத்து நிமிடமாவது நீடித்தவற்றைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். நெத்திலியின் ஊசிக்கு ஆவது இரண்டு நிமிடம். தட்டு வைத்து, அது தின்கிறதா என்று நின்று பார்ப்பதற்கு ஐந்தாறு நிமிடம். ஆகமொத்தம் அது நடக்கவே இல்லை. அந்த இரண்டு நிமிடத்துக்காக மாலை ஆறரைக்கு மேல் எந்தக் கூட்டத்திலும் இருக்காமல் எழுந்து வந்திருக்கிறேன், தோழியின் மகள் வரவேற்புக்குத் தலையைக் காட்டிவிட்டு ஓடிவந்திருக்கிறேன். செய்த வேலைக்கு அந்தப் படிவத்தில் எண் உண்டு. வேலை வருமே என்று வீட்டோடு கட்டுண்டு கிடப்பதற்கு எண் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கணக்கெடுப்பு பின்பற்றும் சர்வதேச வகைப்பாட்டில் மூன்றாம் பிரிவு வீட்டு வேலைகள், நான்காம் பிரிவு பராமரிப்பு. குழந்தையும் முதியவரும் நான்கில் வருவார்கள். செல்லப்பிராணி மூன்றில், துணி துவைப்பதற்கும் கடைக்குப் போவதற்கும் நடுவே. என் அம்மாவுக்கும் சர்க்கரைதான். கண் மங்கிய பிறகு கடைசி நான்கு வருடம் அவளுக்குக் காலையும் மாலையும் ஊசி போட்டவள் நான். 2021இல் போய்ச் சேர்ந்தாள். அதே கை, அதே நேரம், அதே ஃபிரிட்ஜ் கதவு. அம்மாவுக்குப் போட்டபோது தெருவில் நான் தங்கமான பொண்ணு. பூனைக்குப் போடுகிறேன் என்று தெரிந்ததும் "புள்ளக்குட்டி இல்லாதவ, இன்னா பண்ணுவா பாவம்" என்றார்கள். பிள்ளையில்லாத பூனைக்காரிகள் என்று 2021இல் ஓர் அமெரிக்க அரசியல்வாதி ஏளனமாகச் சொன்ன பேச்சு 2024 தேர்தல் நேரத்தில் மறுபடி கிளம்பி, அவர் துணை அதிபரும் ஆனார். ஓகையோவிலும் ஒற்றியூரிலும் கேலி ஒன்றுதான். அம்மா நான்கு, பூனை மூன்று என்று வகைப்பாட்டுக்காரர்கள் பிரித்ததில் கேலி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் தெரு பிரித்த இடத்திலேயே அவர்களும் பிரித்திருக்கிறார்கள்.

என்னைக் கவனித்த பிரதி என்று ஒன்றைத்தான் சொல்வேன். லண்டன் ராயல் வெட்னரி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கேள்வித்தாள். இன்சுலின் போடப்படும் பூனைகளை வைத்திருக்கும் 221 பேரிடம் 29 கேள்விகள். பூனை எப்படி இருக்கிறது என்பதோடு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். வாழ்க்கையை மிகவும் பாதித்தவை என்று வந்த பதில்களில் முன்வரிசையில் நின்றவை ஊசியோ செலவோ அல்ல. வெளியூர் போகும்போது பூனையைக் காப்பகத்தில் விடுவது, நண்பர், உறவினரிடம் விட்டுப்போவது ஆகிய சங்கடங்கள்தாம். படித்தபோது ஒரு நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை.

பிறகுதான் குறை கண்ணில் பட்டது. அந்தத் தாளை நிரப்புகிறவர் "உரிமையாளர்". தமிழில் நாம் அப்படிச் சொல்வதில்லை. பிள்ளை வளர்க்கிறாள், பூனை வளர்க்கிறாள், இரண்டுக்கும் ஒரே வினைதான், அது எனக்குப் பிடித்த விஷயம். உரிமையாளர் என்றால் ஒருவர் போதும். வளர்ப்பதற்கு ஒருவர் போதாது. விட்டுப்போகிறவருக்கு என்ன கஷ்டம் என்று அந்தத் தாள் கேட்கிறது. யாரிடம் விட்டுப்போகிறோமோ அவர் நிரப்புவதற்கான தாள் அது இல்லை.

விட்டுப்போவது என்றதும் தமிழ் வாத்தியாருக்குப் பாலைத்திணைதானே நினைவுக்கு வரும். பிரிவுக்கு இத்தனை நுட்பமான இலக்கணம் வைத்திருக்கும் மொழி நம்முடையது. படிக்கப் போகலாம், போருக்குப் போகலாம், தூது போகலாம், பொருள் தேடப் போகலாம். போகிறவன் தலைவன். முல்லையில் இருக்கிறவள் தலைவி. அவள் வீட்டைவிட்டுக் கிளம்ப வழி ஒன்று உண்டு, உடன்போக்கு, அதுவும் அவனோடுதான். பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் தனியாக ஒரு விதியே வைத்திருக்கிறது. தனக்கென்று ஒரு வேலையாக நான்கு நாள் வெளியூர் போய்த் திரும்பும் தலைவிக்குத் துறை இல்லை. அவள் இல்லாதபோது வீடு என்ன ஆனது என்று பாடவும் ஆள் இல்லை.

குறுந்தொகை 220ஐ ஒக்கூர் மாசாத்தியார் பாடினார். பெண் புலவர். பொருள் தேடிப் போனவன் மழைக்காலம் வந்தும் வரவில்லை, மாலையாகிவிட்டது, முல்லை பூக்கிறது. அந்த முல்லை அரும்புக்கு அவர் கொடுக்கும் உவமை காட்டுப்பூனையின் சிரிப்பு. வகுப்பில் எத்தனையோ முறை அழகு என்று சொல்லிக் கடந்திருக்கிறேன். பல்லைக் காட்டும் வெருகு அவ்வளவு இனிமையானது அல்ல. காத்திருப்பவளின் மாலைப்பொழுதுக்குப் பல் முளைத்திருக்கிறது என்று இப்போது வாசிக்கிறேன். மாலை ஏழு மணியோடு பழகிய பிறகு வந்த வாசிப்பு இது, அதிகப்படியாகவும் இருக்கலாம். ஆனால் தலைவியின் காத்திருப்பை வெறும் ஏக்கம் என்று பாடம் நடத்தியது போதும். வீட்டில் இருந்தாகவேண்டும் என்பதே ஒரு வேலை.

காசிமேட்டில் இந்த இலக்கணம் இன்றும் உயிரோடு இருக்கிறது. விசைப்படகில் தங்கு கடலுக்குப் போகிற ஆண்கள் நாள் கணக்கில் திரும்புவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில்தான் எல்லோரும் கரையில். கடலுக்குப் போகிறவனிடம் வீட்டை யார் பார்ப்பார் என்று எவரும் கேட்டு நான் அறியேன். மதுரையில் நான்கு நாள் பயிலரங்கு என்று நான் சொன்னதும் எல்லோரும் கேட்டது அதைத்தான். நானும் என்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டேன்.

அது 2023 ஜூலை. இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன்.

"அக்காவுக்கு" என்று யாரைச் சொன்னேன்? எதிர்வீட்டு அக்காவை. விடியற்காலையில் காசிமேடு போய்ப் பொடி மீன் எடுத்துவந்து, கருவாடு போட்டு விற்கிறவர். நெத்திலிக்கு மீன் கொடுப்பவரும் அவரே. இரண்டு நாள் என்னோடு நின்று ஊசி போடப் பழகிக்கொண்டார். அவர் கை நடுங்கவில்லை, எனக்குத்தான் நடுங்கியது. அதே வீட்டில் என் தம்பியும் இருக்கிறான். மணலியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, அந்த வாரம் முழுக்கப் பகல் ஷிஃப்ட், ஆறு மணிக்குள் வீடு. "எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும்க்கா" என்று அவன் ஒருமுறை சொன்னான், நான் ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. அம்மா காலத்திலும் அவனுக்கு மயக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. வீட்டிலேயே இருந்த ஆணைத் தாண்டித் தெருவைக் கடந்து போய் ஒரு பெண்ணின் பெயரில் தொடங்கியது என் பக்கம். எழுதும்போது எனக்கு இது உறைக்கவே இல்லை.

அடுத்தது "சரியாக". காலை சரியாக 7 மணி என்று எழுதியிருந்தேன். ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் பாதகமில்லை என்று மருத்துவர் எனக்குச் சொல்லியிருந்தார். அந்தத் தளர்வை எனக்கென்று வைத்துக்கொண்டு, கண்டிப்பை மட்டும் அக்காவுக்கு எழுதியிருக்கிறேன். அவர் மீன் எடுத்துவிட்டு வழக்கமாக வீடு திரும்புவது ஏழரைக்கு. அந்த நான்கு நாளும் ஏலம் முடியும் முன்பே பாதிக் கூடையோடு ஷேர் ஆட்டோ பிடித்து ஓடிவந்திருக்கிறார். நான் கேட்டு அவர் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லித் தெரிந்தது.

மூன்றாம் நாள் மாலை போன் வந்தது. பயிலரங்கில் பராமரிப்பு அறம் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். இல்லை, யாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சரு, ஊசி மூடி வேற கலர்ல கீது. குத்தட்டுமா, வேணாமா?"

"என்ன கலர்க்கா?"

"செவப்பு. நேத்தெல்லாம் ஆரஞ்சு தானே."

நான் எண்ணி வைத்த ஊசிகளில் ஒன்று வளைந்து, ஒன்று கீழே விழுந்து, தீர்ந்துபோயிருக்கிறது. தம்பி உதவி செய்வதாக நினைத்துப் பீரோவிலிருந்த பிஸ்கட் டின்னிலிருந்து அம்மாவின் ஊசிகளை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அம்மா போட்டுக்கொண்டது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலின், அதற்குச் சிவப்பு மூடி ஊசி. நெத்திலிக்குப் போடும் கிளார்ஜின் ஒரு மில்லியில் 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி ஊசியில் இரண்டாம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டு யூனிட் அல்ல, ஐந்து. இளைத்துக்கொண்டிருந்த பூனைக்கு ஐந்து யூனிட்.

என் பதினோரு வரிகளில் மூடியின் நிறம் இல்லை. "2 யூனிட்" என்று இருந்தது. ஊசிக்குழலில் எண்ணைப் பார்க்கத் தெரிந்தவள் எழுதிய வரி அது, எண்ணைப் பார்த்தே போடுகிறவருக்கு அந்த வரி போதும் என்று நம்பியிருக்கிறாள். அந்த வரியை அப்படியே பின்பற்றியிருந்தால் நெத்திலி அன்று ராத்திரி செத்திருக்கும். அக்கா வரியைப் பின்பற்றவில்லை, கையில் இருந்ததைப் பார்த்தார். நேற்று பார்த்ததோடு ஒப்பிட்டார், சந்தேகம் வந்ததும் நிறுத்தினார். அன்று மாலை ஊசி வேண்டாம் என்றேன். தம்பி மருந்துக்கடைக்குப் போய் ஆரஞ்சு மூடி வாங்கிவந்தான்.

பெரனீஸ் ஃபிஷரும் ஜோன் ட்ரான்டோவும் 1990இல் பராமரிப்பை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள். அக்கறைப்படுவது, பொறுப்பேற்று ஏற்பாடு செய்வது, கையால் செய்வது, பெறுகிறவர் அதை எப்படி ஏற்கிறார் என்று பார்ப்பது. முதல் இரண்டும் அதிகாரம் உள்ளவர்களிடமும், கையால் செய்வது அதிகாரம் அற்றவர்களிடமும் போய்ச் சேர்கிறது என்று ட்ரான்டோ பிறகு எழுதினார். மாணவிகளுக்கு இதை நடத்தும்போது அரசியல்வாதி, செவிலி, வீட்டு வேலை செய்யும் பெண் என்று உதாரணம் சொல்வேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பக்கம் என்று சொன்னதில்லை. அந்தப் பக்கத்தில் நான் அக்கறைப்படுகிறேன், ஏற்பாடு செய்கிறேன், நான்கு முறை போனை எதிர்பார்க்கிறேன். செய்வது அவர். பணம் கொடுத்தால் சரியாகிவிடுமா? ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். "பூனைக்கு ஊசி போட்ட கூலியா?" என்று சிரித்துவிட்டு வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், அவருக்கு அது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். பாதிக் கூடையில் போன நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன், அதை மறுக்காமல் வாங்கினார்.

நான் படித்த அறிவுரைகள் எல்லாம் பயணத்துக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்கின்றன. எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புவது எப்போதும் பயணம் அல்ல. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை, இன்சுலினை ஈரத்துணி சுற்றி மண்பானைக்குள் வைத்தேன். அந்த வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தது. அது போவதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம் அருகே ஓர் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, சனம் கட்டிய துணியோடு ஓடியது. அக்காவின் உறவுக்காரர்கள் சிலர் விடிவதற்குள் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி உள்ளே வந்து உட்காராமல் கட்டிப்போட்ட ஆட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அவிழ்த்துவிட நேரமில்லை. அந்த ஆட்டுக்கு யார் யாருக்கு எழுதிவைப்பது?

பக்கத்தை அந்த வாரம் கிழித்துப் போட்டேன். இரண்டாம் பிரதியை அக்கா சொல்ல நான் எழுதினேன். ஆரஞ்சு மூடியை அவர் பேனாவால் வரைந்தார், சிவப்பு மூடியை வரைந்து குறுக்கே அடித்தார். ஏழு மணி "ஏழு, எட்டுக்குள்ள" என்று ஆனது. மேலே இரண்டு பெயர், முதல் பெயர் தம்பியுடையது. அவனுக்கு முதல் தடவை மயக்கம் வரவில்லை, வியர்த்தது. நெத்திலி இன்னும் ஊசியில்தான் இருக்கிறது. அந்த "சில"வில் அது சேரவில்லை.

2024 செப்டம்பரில் அக்கா வேளாங்கண்ணி திருவிழாவுக்கு மூன்று நாள் கிளம்பினார். கல்யாணத்துக்குப் பிறகு தனியாக வெளியூர் போவது அதுதான் முதல் தடவையாம். போவதற்கு முந்தின மாலை என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். வெயில் ஏறியதும் கருவாட்டைத் திருப்பிப் போடணும், மூணு மணிக்கு இன்னொரு தரம். காக்கா வரும், பூனையும் வரும், உன் பூனை இல்ல, தெருப்பூனை. கோழிக்குக் குருணை. இருட்டறதுக்குள்ள அள்ளிக் கோணியில கட்டணும். நான் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். எனக்கு அந்த மூன்று நாளில் இரண்டு நாள் கல்லூரி இருந்தது.

"பகல்ல மழை வந்தா யாரு அள்றதுக்கா?" என்றேன்.

"நீதான் வூட்ல கீறியே, டீச்சரு" என்றார்.